குடியா, மனநோயா? ரெண்டும் சேர்ந்து வந்தா எங்கே போறது? என்ன சிகிச்சை?

பூந்தமல்லி:

"குடியை நிறுத்திட்டா எல்லாம் சரியாயிடும்னு நினைச்சோம் சார். அவரும் நிறுத்தினாரு. ஆனா சரியாகலையே!"

பூந்தமல்லி - ஆவடி சாலையில் உள்ள சென்னீர்குப்பத்தை சேர்ந்த ஒரு பெண்ணின் புலம்பல் இது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கணவர் லோடு வேன் டிரைவர். கல்யாணம் ஆன நாளில் இருந்தே குடி. முதலில் சம்பள நாளில் மட்டும். பிறகு தினமும் ராத்திரி. கடைசியில் காலையில் கை நடுங்காமல் ஸ்டியரிங் பிடிக்கவே ஒரு கட்டிங் வேண்டும் என்ற நிலைமை.

இந்த குடும்பம் பார்க்காத வைத்தியம் இல்லை. கோவிலில் கயிறு கட்டினார்கள். யாரோ சொன்னார்கள் என்று சாம்பாரில் பொடி கலந்து கொடுத்தார்கள். ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் பணம் கட்டி சேர்த்தார்கள். அங்கே டாக்டர் என்று யாரையும் இவர் கண்ணால் பார்க்கவில்லை. 3 மாதம் கழித்து வெளியே வந்தவர், நாலாவது நாளே குடித்தார்.

விடை கிடைத்தது கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில்தான். அதுவும் ஒரே ஒரு கேள்வியில்!

மாலை போட்ட 48 நாள்

"உங்க வீட்டுக்காரர் குடிக்காம இருந்த நாள்ல எப்படி இருந்தாரும்மா?" - இதுதான் மனநல டாக்டர் கேட்ட கேள்வி.

யோசித்து பார்த்த அந்த பெண்ணுக்கு சட்டென்று நினைவுக்கு வந்தது சபரிமலைக்கு மாலை போட்ட நாட்கள்தான். வருஷா வருஷம் 48 நாள் ஒரு சொட்டு தொட மாட்டார்.

"மாலை போட்ட 3-வது நாள் வீட்டுக்குள்ள போலீஸ் நிக்குதுன்னு கத்தினாரு. அது ரெண்டு நாள்ல போயிடுச்சு. ஆனா ஒரு மாசம் கழிச்சும் ராத்திரி தூங்க மாட்டாரு. பக்கத்து வீட்டுக்காரங்க தன்னை பத்தியே பேசறாங்கன்னு சுவத்துல காதை வச்சு கேப்பாரு. என் மேலயும் சந்தேகம். விரதத்துல இருக்கறதால மனசு இறுகி போச்சுன்னு நாங்க விட்டுட்டோம்" என்றார் அவர்.

அவர் சொன்னதில் இருப்பது இரண்டு தனித்தனி விஷயம். முதல் வாரத்தில் போலீஸ் தெரிந்தது குடியை திடீரென நிறுத்தியதால் வந்த குழப்பம். ஒரு மாதம் கழித்தும் போகாத சந்தேகமும் காதில் கேட்ட குரலும் வேறு. அது மனநோய். குடித்த நாட்களில் போதை அதை மூடி மறைத்தது. அந்த குரல் தொந்தரவு தாங்காமல் அவர் மேலும் குடித்தார். குடி நோயை ஏற்றியது, நோய் குடியை ஏற்றியது.

எது முதலில் வந்தது?

போதை பழக்கமும் மனநோயும் ஒரே ஆளுக்கு சேர்ந்து இருப்பதை டாக்டர்கள் 'இரட்டை நோய்' என்கிறார்கள். இது அபூர்வமான விஷயம் கிடையாது. மனச்சோர்வு, பதற்றம், பைபோலார் எனப்படும் இருதுருவ மனநோய், ஸ்கிசோபிரினியா எனப்படும் மனச்சிதைவு இவையெல்லாம் குடியோடு சேர்ந்து வரும். கஞ்சா பழக்கம், குறிப்பாக சின்ன வயதிலேயே தொடங்கினால், மனச்சிதைவு வரும் ஆபத்தை கூட்டுகிறது என்பதும் உறுதியான விஷயம்.

இதை பிரித்து பார்ப்பது எப்படி?

* பழக்கம் தொடங்கும் முன்பே மனக்கோளாறு அறிகுறி இருந்ததா?

* குடிக்காமல் இருந்த நாட்களில் எப்படி இருந்தார்?

* ரத்த சொந்தத்தில் யாருக்காவது மனநோய் உண்டா?

குடிப்பவருக்கு வரும் சோர்வும் அழுகையும் பெரும்பாலும் குடியை விட்ட 2 முதல் 4 வாரங்களில் தானாகவே குறையும். அதற்கு பிறகும் குறையாவிட்டால் அது தனி நோய், தனி மருந்து வேண்டும் என்று முடிவு செய்வார்கள். ஆனால் தற்கொலை எண்ணம், ஆபத்தான சந்தேகம் இருந்தால் 4 வாரம் எல்லாம் காத்திருக்க கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும்.

வீட்டில் பூட்டி வைப்பது ஆபத்து!

பல வருஷமாக தினமும் குடிப்பவரை அறைக்குள் போட்டு பூட்டி, "இன்னையோட விடு" என்பது உயிருக்கே உலை வைக்கும் வேலை.

கடைசியாக குடித்து 6 மணி நேரத்தில் இருந்தே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2-வது, 3-வது நாளில் சிலருக்கு மூளை குழம்பி, உடம்பில் பூச்சி ஊருகிறது, ஆள் நிற்கிறது என்பார்கள். காய்ச்சல் ஏறும். இதைத்தான் பேய் பிடித்துவிட்டது என்று மந்திரவாதியிடம் கூட்டி போகிறார்கள். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு போகாவிட்டால் உயிர் போகலாம்.

இதற்கு முதல் கட்ட சிகிச்சை உண்டு. நடுக்கம், வலிப்பை தடுக்கும் மாத்திரையை அதிகமாக தொடங்கி, ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாக குறைத்து நிறுத்துவார்கள். கூடவே தயமின் எனப்படும் வைட்டமின் பி-1 ஊசி போடுவார்கள். இது குறைந்தால் நினைவாற்றலே போய்விடும்.

ஆனால் இதோடு சிகிச்சை முடிந்தது என்று நினைத்தால் தப்பு. இது உடம்பில் உள்ள சரக்கை இறக்கும் வேலை மட்டும்தான். மனசில் உள்ளதை இறக்கும் வேலை இனிமேல்தான் ஆரம்பம்.

என்னென்ன சிகிச்சை?

முன்பெல்லாம் மனநல ஆஸ்பத்திரிக்கு போனால் "முதல்ல குடியை விட்டுட்டு வா" என்பார்கள். குடி மறுவாழ்வு மையத்துக்கு போனால் "முதல்ல மனநோயை சரி பண்ணிட்டு வா" என்பார்கள். நோயாளி நடுவில் நின்று தவிப்பார். இப்போது உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட முறை, இரண்டுக்கும் ஒரே இடத்தில், ஒரே குழு, ஒரே நேரத்தில் சிகிச்சை தருவதுதான்.

குடி ஆசையை குறைக்க: நால்ட்ரெக்சோன், அகாம்பிரோசேட் போன்ற மாத்திரைகள் உள்ளன. ஈரல், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று டெஸ்ட் பார்த்துதான் கொடுப்பார்கள்.

குடித்தால் வாந்தி வர வைக்கும் மாத்திரை: இதன் பெயர் டைசல்பிராம். விவரம் சொல்லி, நோயாளி சம்மதித்த பிறகே கொடுக்க வேண்டிய மருந்து. சாப்பிட்டவர் குடித்தால் ரத்த அழுத்தம் விழும், நெஞ்சு படபடக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்தை நிறுத்தி 2 வாரம் வரை இதன் வேகம் இருக்கும். மனச்சிதைவு உள்ளவர்களுக்கு நோயை கிளறிவிடும் என்பதால் தர மாட்டார்கள். மார்க்கெட்டில் விற்கும் பெயர் தெரியாத பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கு தெரியும்? சாம்பாரில் கலப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மனநோய்க்கு: மனச்சோர்வுக்கு ஒரு வகை, இருதுருவ நோய்க்கு லித்தியம் போன்ற மருந்து, மனச்சிதைவுக்கு வேறு வகை. வேலை செய்ய சில வாரம் ஆகும். குணமாகிவிட்டது என்று நாமாக நிறுத்த கூடாது. தூக்க மாத்திரையோடு குடிப்பது மூச்சை நிறுத்திவிடும்.

வலி மாத்திரை, ஊசி போதைக்கு: புப்ரினார்பின் என்ற மாற்று மருந்தை டாக்டர் மேற்பார்வையில் கொடுத்து, ஆளை நிலைப்படுத்தும் சிகிச்சை இருக்கிறது.

பேச்சு சிகிச்சை: எந்த நேரத்தில், யாரோடு இருந்தால், என்ன நினைப்பு வந்தால் கை பாட்டிலுக்கு போகிறது என்று கண்டுபிடித்து, அதை தாண்ட பழக்குவார்கள். குடும்பத்துக்கும் கவுன்சிலிங் உண்டு. 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற குடிநோயாளிகள் கூட்டம் இன்று சென்னையிலும் நடக்கிறது. கட்டணம் கிடையாது.

நம்ம பகுதிக்காரர்கள் எங்கே போகலாம்?

'கீழ்ப்பாக்கம்' என்றாலே சினிமாவில் ஜோக். அந்த பயத்தில்தான் பலர் அந்த பக்கமே போவதில்லை. 1794-ல் தொடங்கி, 1871 முதல் இப்போதுள்ள இடத்தில் இயங்கும் அந்த அரசு மனநல காப்பகத்தில்தான் மனநோய், போதை இரண்டுக்கும் சிகிச்சை இருக்கிறது. பூந்தமல்லியில் இருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியாக நேராக போய்விடலாம். வெளிநோயாளியாக பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு அன்றைக்கே வீடு திரும்புபவர்கள்தான் அதிகம். போனாலே அடைத்து போட்டுவிடுவார்கள் என்பது கட்டுக்கதை.

அரசு மருத்துவ கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநல பிரிவு உண்டு. தமிழக அரசு 2025-ல் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு சிகிச்சை மையங்களை அரசு ஆஸ்பத்திரிகளில் தொடங்கியது.

அடையாறு இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. ஆஸ்பத்திரி 1980-ல் தொடங்கப்பட்டது. குடியால் கணவரை பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், மற்ற குடும்பங்களாவது பிழைக்கட்டும் என்று ஆரம்பித்தது இது. 1992-ல் பத்மஸ்ரீ பெற்றார். ஊரை விட்டு வர முடியாதவர்களுக்காக மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் போட்டு, ஊர்க்காரர்கள் துணையோடு சிகிச்சை கொடுத்து காட்டியவர்களும் இவர்கள்தான். மனச்சிதைவு நோய்க்கு அண்ணாநகர் மேற்கு விரிவாக்கத்தில் உள்ள ஸ்கார்ப், 1984 முதல் இயங்குகிறது.

எங்கே போவது என்று தெரியாதவர்கள் போனை எடுத்தால் போதும். மனநல ஆலோசனைக்கு 14416. போதை மீட்புக்கு 14446. தமிழக அரசின் சுகாதார உதவிக்கு 104. மூன்றுமே இலவசம்.

மறுவாழ்வு மையமா? உஷார்!

2001 ஆகஸ்டு 6-ந்தேதி ஏர்வாடியில் சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகியதை தமிழ்நாடு மறக்க முடியாது. 2022 மே மாதம் ராயப்பேட்டையில் ஒரு தனியார் போதை மறுவாழ்வு மையத்தில் இருந்தவர் தாக்கப்பட்டு இறந்ததாக போலீஸ் வழக்கு பதிவானது.

2017-ம் ஆண்டு மனநல பாதுகாப்பு சட்டம் 2018 மே 29 முதல் அமலில் இருக்கிறது. குடி, போதையால் வரும் மனக்கோளாறும் இந்த சட்டப்படி மனநோய்தான். சட்டம் சொல்வது இதுதான்:

* மனநோயாளிகளை வைத்து சிகிச்சை தரும் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சேர்க்கும் முன் சான்றிதழை கேளுங்கள்.

* சங்கிலியால் கட்டுவது எந்த வகையிலும் கூடாது.

* நோயாளியால் முடிவெடுக்க முடியாத நிலையில்தான், அவரது பிரதிநிதி கேட்டு, மனநல டாக்டர் உள்பட 2 பேர் தனித்தனியாக பரிசோதித்த பிறகு சேர்க்க முடியும். அதுவும் முதலில் 30 நாள் வரைதான். "6 மாச பேக்கேஜ்" என்று யாராவது சொன்னால் யோசியுங்கள்.

* உடம்பு நோய்க்கு தருவது போல மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தர வேண்டும்.

மனநல டாக்டர் தினமும் வருகிறாரா, குடும்பத்தார் பார்க்க விடுகிறார்களா என்று கேளுங்கள். பார்க்க விட மாட்டோம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

38 பேரில் ஒருவர்தான்

மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருந்தது. படுக்கையில் சேர்த்து சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். மீதி பேருக்கு கிடைத்தது திட்டும், அடியும், கயிறும்தான்.

சறுக்கல் வரும். சிகிச்சை எடுத்தவர் மறுபடி குடித்தால் எல்லாம் வீண் என்று கைவிட்டுவிட கூடாது. சர்க்கரை ஏறினால் மாத்திரையை மாற்றுவது போலத்தான் இதுவும். மறுநாளே டாக்டரிடம் கூட்டி போக வேண்டும்.

சென்னீர்குப்பம் டிரைவரும் ஒரு தீபாவளிக்கு சறுக்கினார். மனைவி சண்டை போடவில்லை. மறுநாள் காலை பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு கூட்டி போனார். இப்போது ராத்திரி சாப்பாட்டுக்கு பிறகு மாத்திரை. சுவரில் காது வைப்பது நின்றுவிட்டது. வண்டி ஓட்டலாமா என்று டாக்டரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகே திரும்ப வேலைக்கு போனார்.

"இப்பவும் வருஷா வருஷம் மாலை போடறாரு சார். விரதத்துல மாத்திரை சாப்பிடலாமான்னு குருசாமிகிட்ட கேட்டோம். தாராளமா சாப்பிடு சாமின்னுட்டாரு. இப்பல்லாம் மாலையை கழட்டினாலும் மாத்திரையை நிறுத்தறதில்ல" என்று சொல்லிவிட்டு, வேலைக்கு நேரமாச்சு என்று கிளம்பினார் அந்த பெண்.