சமையல் உப்பில் அயோடின்

விஞ்ஞானத்தின் பயன் யாது என்று மாணவரை வினவினால், வானொலி, விமானம், விண்கலம் என்று விடை வரும். அடுக்களையில் உப்புப் பரணிக்குள் இருக்கும் விஞ்ஞானத்தை எவரும் சொல்வதில்லை. அது கண்ணுக்குத் தெரியாது, நாவுக்கும் தெரியாது. ஆயினும் அது இல்லாத வீட்டில் பிறக்கும் குழந்தையின் அறிவு வளர்ச்சி குன்றக்கூடும்.

இமயமலைச் சாரலில், மேற்கே காஷ்மீரம் முதல் கிழக்கே நாகர் குன்றுகள் வரை, ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் நீளமுள்ள நிலப்பரப்பில் முன்கழுத்துக் கழலை என்னும் நோய் தொன்றுதொட்டுக் காணப்பட்டு வந்தது. பனியாறுகளும் மழையும் வெள்ளமும் மேல்மண்ணிலிருந்த அயோடினைக் கரைத்துக்கொண்டு போய்விட்டமையே இதற்கு முதற்காரணம். அம்மண்ணில் விளைந்த தானியத்திலும் காய்கறியிலும், அங்கு மேய்ந்த கால்நடையின் பாலிலுங்கூட அயோடின் குறைவு.

கழுத்தின் முன்புறமுள்ள தைராய்டு சுரப்பி, உடலின் வளர்ச்சிக்கு இன்றியமையாத சுரப்பு நீரை அயோடினைக் கொண்டே ஆக்குகிறது. மூலப்பொருள் போதாதபோது அச்சுரப்பி மிகையாக உழைத்து, தானும் பருத்துவிடுகிறது. இவ்வீக்கம் வெளியே தெரிவது. அதனால் மக்கள் அதனையே நோய் என்று எண்ணுகின்றனர். உண்மையில் பெருங்கேடு வேறிடத்தில் நிகழ்கிறது. கருவிலிருக்கும் சிசுவின் மூளை வளர்வதற்கு இச்சுரப்பு நீர் வேண்டும். தொடக்க மாதங்களில் அது தாயிடமிருந்தே கிடைத்தாக வேண்டும். தாய்க்கு அயோடின் மிகவும் குறைந்தால் குழந்தை செவிடாகவோ, அறிவு மழுங்கியோ பிறக்கலாம். கழலையைப் பின்னர்க் குறைக்க இயலும். கருவில் இழந்த மூளை வளர்ச்சியை எம்மருந்தாலும் மீட்க இயலாது.

1956-ஆம் ஆண்டில், அப்போது பஞ்சாபைச் சேர்ந்திருந்த காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி தலைமையில் ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. பள்ளத்தாக்கு மூன்று வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. இரண்டிற்கு அயோடின் சேர்த்த உப்பும், ஒன்றிற்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. சுமார் ஆறாண்டுகளுக்குப் பின் நோக்கியபோது, அயோடின் பெற்ற வட்டாரங்களில் கழலையுற்றோர் விகிதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது, மற்றதில் குறையவில்லை. பின்னர் அவ்வட்டாரத்திற்கும் அயோடின் உப்பு அளிக்கப்பட்டது. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் உருவாயிற்று. சாதாரண உப்பை மக்களின் நேரடி உணவுக்கு விற்பது 2006 மே மாதம் முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டது.

வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். கருவுற்ற தாய்க்கு 250. எழுபது ஆண்டு வாழ்பவர்க்கு வாழ்நாள் முழுமைக்கும் வேண்டுவது நான்கு கிராமுக்கும் குறைவே. எனினும் இதனை ஒரே நாளில் உண்டு சேமித்துக்கொள்ள இயலாது. நாள்தோறும் சிறிது சிறிதாகக் கிடைக்க வேண்டும். ஏழையும் செல்வரும் நாள் தவறாது உண்ணும் பொருள் உப்பு ஒன்றே ஆதலின், அதனையே விஞ்ஞானிகள் தேர்ந்தனர். நம் நாட்டின் வெப்பத்திலும் ஈரத்திலும் பொட்டாசியம் அயோடைடு விரைவில் சிதைவதால், அதனினும் நிலையான பொட்டாசியம் அயோடேட் சேர்க்கப்படுகிறது. உற்பத்தி இடத்தில் பத்து லட்சம் பங்கு உப்பிற்கு 30 பங்கும், வீட்டை அடையும்போது 15 பங்கும் அயோடின் இருத்தல் வேண்டும் என்பது இந்தியாவில் வகுத்த அளவு. வழியில் நேரும் இழப்பைக் கருதியே இவ்வேறுபாடு.

"நாங்கள் கடலோரத்தார், எங்களுக்கு இது எதற்கு?" என்று கேட்போர் உண்டு. கடல்நீரைக் காய்ச்சி எடுக்கும் உப்பில் இயற்கையாக நிற்கும் அயோடின் மிகச் சொற்பம். நாட்டின் எந்த மாநிலமும் இக்குறைபாட்டிற்கு விலக்கன்று என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

தென்னாட்டில் கல்லுப்பை விரும்புவோர் பலர். அதிலும் அயோடின் சேர்க்கலாம். ஆனால் அது கல்லின் மேற்பரப்பில் தங்குவது. அழுக்குப் போக உப்பைக் கழுவும் இல்லத்தரசி, அழுக்குடன் அயோடினையும் கழுவி விடுகிறார். இதை வீடு வீடாகச் சொல்லவேண்டியிருக்கிறது. மூடியில்லாத பாண்டத்தில், அடுப்பருகே அல்லது வெயிலில் வைத்த உப்பும் நாளடைவில் வீரியம் இழக்கும். கூடியவரை சமையல் முடிவில் உப்பிடுவது நன்று.

உப்பில் அயோடின் உண்டா என அறியும் சோதனை வகுப்பறைக்கும் ஏற்றது. ஒவ்வொரு மாணவரும் வீட்டிலிருந்து ஒரு கரண்டி உப்பைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவரட்டும். அதைத் தட்டில் பரப்பி, சோதனைப் பெட்டியிலுள்ள திரவத்தில் இரண்டு துளி விட்டால், அயோடேட் உள்ள உப்பு ஊதாநீலமாக மாறும். திரவத்திலுள்ள அமிலமும் அயோடைடும் அயோடேட்டோடு வினைபுரிந்து அயோடினை விடுவிக்க, அது மாவுப்பொருளுடன் கூடி நிறம் தருகிறது. வெறும் கஞ்சித் தண்ணீரை விட்டுப் பார்த்து, நிறம் வரவில்லை என்று முடிவு கட்டலாகாது. உப்பு காரத்தன்மை உடையதாயின் முதலில் நிறம் தோன்றாதிருக்கலாம். அப்போது புதிதாகச் சிறிது உப்பெடுத்து, பெட்டியிலுள்ள மறுசோதனைத் திரவத்தை முதலில் இட்டுப் பின் சோதிக்க வேண்டும். நிறத்தின் அழுத்தத்தைக் கொண்டு அளவை உறுதியாகக் கூற முடியாது. அது ரசாயனச் சாலையின் வேலை. நிறமே வராத உப்பு எக்கடையில் வாங்கப்பட்டது என்பதை மட்டும் கேட்டுக் குறித்து, சுகாதார அலுவலருக்கு மாதிரியுடன் அனுப்புக.