உஷார்! ‘க’வை அடித்தால் விடையும் போய்விடும்

பொதுத்தேர்வுக்கு இயற்கணிதம் போட்டுப் பழகுகிறீர்களா? சமன்பாட்டின் இரு பக்கமும் ஒரே எழுத்து நின்றால் கை தானாக அதை அடிக்கப் போகும். நிறுத்துங்கள்!

க² = 5க. இரு பக்கத்தையும் ‘க’வால் வகுத்தால் க = 5. அடிக்கோடு போட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். ஆனால் க = 0 என்று இட்டுப் பாருங்கள்; அதுவும் பொருந்துகிறது. வகுத்த நொடியிலேயே, ‘க பூச்சியமில்லை’ என்று யாரையும் கேட்காமல் முடிவு கட்டிவிட்டோம். 5ஐ இட்டுச் சரிபார்த்தால் சரியென்றுதான் வரும். தொலைந்த விடையைச் சரிபார்ப்பு காட்டிக்கொடுக்காது. ஆபத்தே அங்கேதான்!

முக்கோணவியலில் நஷ்டம் இன்னும் கூடுதல். 2 சைன் க × காஸ் க = காஸ் க என்பதில் காஸை அடித்தால், 0° முதல் 360°க்குள் 30°, 150° மட்டுமே கிடைக்கும். 90°, 270° இரண்டும் காலி.

பெருக்கினால் நேர்மாறான வம்பு: இல்லாத விடை முளைக்கும். க/(க − 3) = 3/(க − 3). இரு பக்கத்தையும் (க − 3)ஆல் பெருக்கினால் க = 3. அதைத் திரும்ப இட்டால் பகுதி பூச்சியம்! இந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வே கிடையாது.

அசமன்பாடு வந்தால் இன்னும் உஷார். 6/க < 2 என்பதை ‘க’வால் பெருக்கி க > 3 என்று முடிப்பவர்கள், குறை எண்கள் அத்தனையையும் கோட்டைவிடுகிறார்கள். க = −1 என்றால் −6 < 2; சரிதானே? குறை எண்ணால் பெருக்கினால் குறி திரும்பும். ‘க’ மிகையா, குறையா என்று தெரியாதபோது எந்தக் குறியை இடுவது? சரியான விடை: க < 0 அல்லது க > 3.

மதிப்பெண்ணோடு போகிற விஷயம் என்று நினைக்காதீர்கள். 1997இல் யுஎஸ்எஸ் யார்க்டவுன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் கணினிக்குள் ஒரு பூச்சியம் உள்ளிடப்பட்டது. நிரல் அதால் வகுக்கப்போய், உந்து அமைப்பு செயலிழந்து, கப்பல் நடுக்கடலில் நின்றது.

என்ன செய்யலாம்?

• வகுக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்துங்கள்: க(க − 5) = 0. இரண்டு விடையும் தப்பாது.

• வகுத்தே தீரவேண்டுமா? ‘க = 0 எனில்’ என்று தனியாக எழுதிப் பார்த்துவிட்டு, அப்புறம் வகுங்கள்.

• பகுதியில் ‘க’ இருந்தால், எது ஆகாது என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள்: க ≠ 3. கிடைத்த விடையைக் கொடுத்த சமன்பாட்டிலேயே இட்டுப் பாருங்கள்.

• அசமன்பாட்டில் ‘க’வால் பெருக்காமல் க²ஆல் பெருக்குங்கள். ‘க’ பூச்சியமில்லாதவரை அது மிகைதான், குறி மாறாது.

பெருக்கிய பாவத்துக்குச் சரிபார்ப்பு பரிகாரம். வகுத்ததற்கு அதுவும் உதவாது. முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.