கருஞ்செட்டைச் சுறா

நெய்தற் பாடல்களைக் கற்பிக்கும் காலங்களிலெல்லாம் சுறாமீன் எமது வகுப்பறைக்குள் ஒருமுறையாவது நீந்தி வந்துவிடும். சுறவின் கோட்டை நட்டுத் தெய்வம் உறைவதாக வழிபட்ட பரதவரைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. காமன் கொடியிலும் சுறவு உண்டு. மகர இராசிக்கும் சுறவு என்பதே தமிழ்ப்பெயர். இத்துணைச் சிறப்பிருந்தும், சொல்லைக் கேட்டவுடன் மாணவர் முகத்திலே தோன்றுவது அச்சமே. யாமும் பல்லாண்டுகளாக "மனிதரைக் கொன்று தின்னும் கொடிய மீன்" என்றே பொருள் கூறி வந்தோம். அப்பொருள் பிழையென்பதை எமக்குக் கற்பித்தது திருக்கோணமலைக் கடல்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு நிலாவெளிக்குச் சென்று, அங்கிருந்து படகேறிப் புறாத்தீவை அடைந்தோம். முழங்காலளவு நீரில் மாணவர் நின்று விளையாடுகையில், பத்தடி தூரத்தில் நீர்மட்டத்தைக் கிழித்துக்கொண்டு கரிய செட்டையொன்று சென்றது. "சுறா! சுறா!" என்று முதலிற் கூவியவர் யாமே. பிள்ளைகள் விழுந்தடித்துக் கரைக்கு ஓடினர். ஒருவனுடைய பாதத்தை முருகைக்கல் ஆழமாக வெட்டிவிட்டது. படகோட்டி நகைத்தவராய், "ஏன் மாஸ்ரர் பயப்பிடுறியள்? அது உங்களைக் கண்டெல்லோ ஓடுது!" என்றார். திரும்பிப் பார்த்தோம். மீன் உண்மையாகவே மறைந்துவிட்டிருந்தது. அன்று சிந்திய இரத்தம் சுறாவினாற் சிந்தியதன்று. எமது கூச்சலாற் சிந்தியது. இக்கட்டுரைக்குக் காரணமும் அதுவே.

புறாத்தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. பெரியதும் சிறியதுமாக இரு தீவுகள். மாடப்புறாக்கள் அங்குள்ள பாறைகளிற் கூடு கட்டுவதால் அப்பெயர் வந்தது. 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசிய பூங்காவாகவும் அது பிரகடனஞ் செய்யப்பட்டது. அதனைச் சூழ்ந்த முருகைக் கற்பார்களிலே அன்று யாம் கண்ட சுறா வாழ்கின்றது. முகக் கண்ணாடியும் சுவாசக் குழாயும் அணிந்து நீந்துவோர் அதனை எளிதிற் காணலாம்.

விஞ்ஞான நூலார் இதற்கு இட்ட பெயரின் ஈற்றுச்சொல் 'கரிய செட்டையுடையது' என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல். 1824 இல் குவா, கேமார் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் இதனை முதன்முதல் விவரித்தெழுதினர். ஆதலின் ஈண்டு இதனைக் கருஞ்செட்டைச் சுறா என்போம். உடல் மங்கிய பழுப்பு நிறம், வயிறு வெண்மை. செட்டைகளின் நுனிகள் மையிலே தோய்த்தெடுத்தாற்போலக் கறுத்திருக்கும். முதுகுச் செட்டையில் அக்கருமைக்குக் கீழே வெண்பட்டையொன்று தெளிவாகத் தெரியும். முதிர்ந்த மீனும் ஐந்தடி, மிஞ்சினால் ஆறடிக்குள் அடங்கிவிடும். கரும்பலகையிலே செட்டையை வரைந்து, நுனியை மட்டும் வெண்கட்டி தீட்டாது விட்டால் போதும். படம் சரியாக அமைந்துவிடுகின்றது.

சுறாவுக்கு எலும்பு கிடையாது. அதன் உடலைத் தாங்குவது, எமது காதுமடலில் உள்ளதைப்போன்ற கசியிழையம். பெரும்பாலான மீன்கள் நின்ற நிலையில் வாயையும் செவுள் மூடியையும் அசைத்து நீரை உட்செலுத்திச் சுவாசிக்க வல்லன. கருஞ்செட்டைச் சுறாவோ முன்னோக்கி நீந்துவதனாலேயே செவுள்களுக்கு நீரைப் பெறுகின்றது. எனவே அது இரவும் பகலும் ஓயாது நீந்திக்கொண்டிருத்தல் வேண்டும். ஓய்வு கேட்கும் மாணவருக்கு இச்செய்தியை யாம் கூறுவதுண்டு, பயன் கண்டதில்லை!

அதன் மூக்கின்மேற் காணப்படும் நுண்டுளைகள் வியத்தற்குரியவை. கூழ்போன்ற பொருள் நிறைந்த இத்துளைகளை இத்தாலியரான லோறன்சினி 1678 இல் விவரித்தார். அவற்றின் பயனோ நெடுங்காலத்தின் பின்னரே விளங்கிற்று. உயிர்களின் தசைகள் அசையும்போது எழும் மிக நுண்ணிய மின்னை அவற்றாற் சுறா உணர்கின்றது. மணலுட் புதைந்து கிடக்கும் மீனும் அதற்குத் தப்புவதரிது.

இது முட்டையிடுவதன்று. தாய் பல மாதங்கள் கருச்சுமந்து, தொப்புட்கொடியால் ஊட்டி, ஒரு முறையில் இரண்டு முதல் ஐந்து குட்டிகளை ஈனும். பிறந்த குட்டி ஏறத்தாழ ஒன்றரை அடி நீளம். அதனைப் பெரிய மீன்களும், சில வேளைகளிற் பெரிய சுறாக்களுமே விழுங்கிவிடும். அவற்றிற்கு அஞ்சியே குட்டிகள் கரையோர ஆழங்குறைந்த நீரை நாடுகின்றன. யாம் கண்டு அஞ்சிய செட்டை, எம்மினும் பெரிதாக எதற்கோ அஞ்சிக் கரையோரம் வந்ததாகவும் இருக்கலாம்.

இனி, கடிக்கவே மாட்டாதோ என வினவலாம். கடித்ததுண்டு. ஆழமில்லா நீரில் நடப்போரின் காலை மீனெனப் பிழையாகக் கருதிக் கடித்துள்ளது. அம்பெய்து பிடித்த மீனைக் கையிலேந்தி நிற்போரையும், இரைகாட்டி அழைப்போரையும் நெருங்கியுள்ளது. ஆயினும் அதனால் எவரும் உயிரிழந்ததாகப் பதிவில்லை. உலகிலுள்ள ஐந்நூற்றுக்கு மேற்பட்ட சுறாவினங்களுள், மனிதருக்குப் பெருங்கேடு செய்வன மிகச் சிலவே. ஒரு சிலவற்றின் குற்றத்துக்காகக் குலமுழுவதையும் தூற்றுவது நீதியாகாது. சுறாவைப் பேயாகக் காட்டிய 'ஜோஸ்' என்னும் நாவலை எழுதிய பீற்றர் பெஞ்சிலியே தமது பிற்காலத்தைச் சுறாக்களைக் காக்கும் பணியிற் செலவிட்டார்.

எமது கடலில் முத்துக்குளித்த முன்னோரும் இவ்வச்சத்தை அறிந்திருந்தனர். மன்னார்க் கடலிற் சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் செபிப்போர் 'கடல்கட்டி' எனப்பட்டனர். அவர் கரையில் நின்று செபித்தாலன்றிச் சுழியோடிகள் நீரில் இறங்கார். ஆங்கில அரசாங்கமும் அவருக்கு ஊதியம் வழங்கிற்று. சுறாக்கள் இடர் செய்யாமைக்கு மந்திரமே காரணமென நம்பினர். தாமாகவே விலகிச் செல்வது பல சுறாக்களின் இயல்பென்பதை எண்ணுகையில், அவ்வூதியம் எளிதாகச் சம்பாதிக்கப்பட்டதென்றே எமக்குப் படுகின்றது.

இன்று கட்டவேண்டியது மனிதர் கையையே. செட்டைச் சூப்புக்காகவும் இறைச்சிக்காகவும் சுறாக்கள் பெருந்தொகையாகப் பிடிக்கப்படுகின்றன. மெதுவாக வளர்ந்து சில குட்டிகளையே ஈனும் இனம், அவ்விழப்பை ஈடுசெய்ய முடியாது தேய்கின்றது. 2020 இல் இக்கருஞ்செட்டைச் சுறாவும் அழிவுக்கு ஆளாகத்தக்க இனமென உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தாரால் வகுக்கப்பட்டது. 2022 இல் பனாமாவிற் கூடிய நாடுகள் இது அடங்கும் குடும்பம் முழுவதையும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டின்கீழ்க் கொணர்ந்தன. பார் இறந்தாலும் சுறாவுக்கு இடமில்லை. புறாத்தீவுக்குச் செல்வோர் முருகைக்கல்லை மிதித்து உடைப்பதும் அதற்கு இழைக்கும் தீங்கே.

எம்மாணவரை மீண்டும் அழைத்துச் செல்லும்போது யாம் கூறுவன சிலவே. முருகைக்கல்லில் நிற்காதீர்கள். இரை போடாதீர்கள். துரத்தாதீர்கள். சுறா வந்தால் அசையாது மிதந்து பாருங்கள். சற்று நேரத்தில் அதுவாகவே போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசிரியர் கூவினாலும் ஓடாதீர்கள்.

அன்று பாதத்தில் வெட்டுண்ட மாணவர் இப்போது பழைய மாணவர் சங்கத்தின் உறுப்பினர். இம்மலர் அவர் கைக்கும் செல்லும். அத்தழும்பைப்பற்றி யாரேனும் வினவினால் சுறா கடித்ததென்று அவர் சொல்லிவருவதாகக் கேள்வி. உண்மை இதுவென்பதை, அவர் மன்னிப்பாராக, இங்கே எழுதிவிட்டோம்.