மலேரியா ஒழிப்பும் ஓயாத கடமையும்

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபாலிலே, கடலுக்கும் காட்டுக்கும் இடையே அமைந்த வாகரை, ஏனைய உலர்வலயக் கிராமங்களைப்போல் மலேரியாவை நெடுங்காலம் அறிந்திருந்த பகுதியாகும். வடகீழ்ப் பருவமழையை அடுத்து இந்நோய் பெருகுவது அவ்வலயத்தின் இயல்பாயிருந்தது. இதனை இலங்கையிற் பரப்பிய பிரதான நுளம்பு அனொபிலிஸ் குலிசிபேசீஸ் என்பதாகும். நீரோட்டம் குன்றிய ஆற்றுப்படுகைக் குட்டைகளே அதன் முக்கிய பிறப்பிடங்கள்.

1934-35 இல் மழை பொய்த்தபோது ஈரவலய ஆறுகளும் இத்தகைய குட்டைகளாயின. நோய்க்குப் பழக்கப்படாத மக்களிடையே கொள்ளைநோய் பரவி, ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. நுளம்பு கடித்தது எல்லோரையுமே. எனினும் பட்டினியால் நலிந்திருந்த வறியோரே பெருந்தொகையாக மாண்டனர். சூரியமல் இயக்கத்தினரின் நிவாரணப் பணி இவ்வுண்மையை அரசியல் அரங்கிற்குக் கொணர்ந்தது.

இரண்டாம் உலகப் போரின் பின் டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். வெற்றி கிட்டிவிட்டதெனக் கருதித் தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. விளைவு யாது? 1969 இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். டி.டி.ரி.யை எதிர்க்கும் ஆற்றலை நுளம்புகள் பெற்றமையால், 1977 இல் மலத்தியன் புகுத்தப்பட்டது.

1999 இலும் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளர் இருந்தனர். பின்னர் குருதிப் பரிசோதனை, மருந்தூட்டிய நுளம்புவலை, நடமாடும் மருத்துவ நிலையங்கள் ஆகியவற்றால் நோய் விரைந்து வீழ்ந்தது. 2006-07 இல் வாகரை மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். அத்தகைய காலத்திலும் நாட்டில் நோய் மீண்டும் தலைதூக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. சுதேச மலேரியா நோயாளருள் இறுதியானவர் 2012 ஒக்ரோபரிற் பதிவானார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது.

ஆபிரிக்காவிலோ நிலைமை வேறு. 2023 இல் உலகில் மலேரியாவால் மாண்ட ஏறத்தாழ ஆறு இலட்சம் பேருள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அக்கண்டத்தவரே. அல்ஜீரியா 2019 இலும், கேப் வேர்ட், எகிப்து ஆகியன 2024 இலும் சான்று பெற்றமை நம்பிக்கை தருகின்றது. ஆயினும் மருந்தையும் பூச்சிகொல்லியையும் எதிர்க்கும் ஆற்றல், வறுமை, போர் ஆகியன அங்கு பெருந்தடைகளாயுள்ளன.

இலங்கையிலும் ஒழிந்தது நோயே; நுளம்பன்று. வெளிநாடுகளிலிருந்து திரும்புவோருடன் ஒட்டுண்ணி வருகின்றது. கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகும் அனொபிலிஸ் ஸ்ரீபென்சி 2016 இன் இறுதியில் மன்னாரிற் கண்டறியப்பட்டது. ஆகவே, நோயாளர் இல்லாத ஆண்டுகளிலும் குருதிப் பரிசோதனைக்கும் நுளம்பு ஆய்வுக்கும் நிதி ஒதுக்கப்படல் வேண்டும். அதனை வீண்செலவெனக் கருதுவோர்க்கு, 1963 இன் பின்னர் நிகழ்ந்தவையே தக்க விடையாகும்.