தொங்கும் கதவும் தளர்ந்த கீலும்



அடுப்படி அலமாரியின் கதவு ஒன்று தொங்கிப் போயிருக்கிறது. திறந்தால் கிறீச்சிடுகிறது. மூடும்போது கீழ்முனை பலகையில் உராய்கிறது. “கொஞ்சம் தூக்கிப் பிடித்து மூடு” என்று அம்மா எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறார். வீட்டாருக்கு அது பழகிப் போய்விட்டது. விருந்துக்கு வந்தவர் இழுக்கும்போதுதான் கதவு கையோடு வருகிறது.

கேமரன் மலையில், கியா பார்ம் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் என் அத்தை வீடு இருந்தது. விடுமுறைக்குப் போயிருந்த நான், அந்த வீட்டு அலமாரிக் கதவு ஆடுவதைப் பார்த்துவிட்டு, “இதற்கா கவலை, அத்தை?” என்று திருப்புளியைக் கையில் எடுத்தேன். பழைய திருகாணி ஓட்டையில் நிற்கவில்லை. ஆகவே அதைவிட நீளமான திருகாணியைப் போட்டு முடுக்கினேன். அதன் முனை கதவின் மறுபக்கம் முளைத்து நின்றது. அதையும் சுத்தியலால் தட்டி மடக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று தேநீர் குடித்தேன். பத்து நாளுக்குள் அந்தக் கதவு கழன்று, கீழே உட்கார்ந்து விளையாடிக் கொண்டிருந்த குழந்தையின் காலில் விழுந்தது. கட்டைவிரல் நகம் கறுத்து உதிர்ந்தது. அத்தை என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

நான் செய்த தவறு என்ன? கீல் கெட்டுவிட்டது, அல்லது திருகாணி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பெரும்பாலும் கெடுவது இவை இரண்டும் அல்ல. திருகாணி பிடித்து நிற்கும் மரம்தான் கெடுகிறது. ஓட்டைக்குள் இருக்கும் மரநார் அறுந்து தூளாகிவிட்டால் எத்தனை முடுக்கினாலும் திருகாணி சும்மா சுற்றும். அந்த ஓட்டைக்குள் மரத்தைத் திரும்ப வைப்பதுதான் வைத்தியம்.

இது ஏன் நேர்கிறது என்பதைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 சென்டிமீட்டர் உயரமும் 40 சென்டிமீட்டர் அகலமும் 16 மில்லிமீட்டர் கனமும் உள்ள மரத்தூள் பலகைக் கதவு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ இருக்கும். அந்தப் பாரம் கதவின் நடுவில், அதாவது கீலிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடையே 42 சென்டிமீட்டர் என்று வைத்துக் கொள்ளுங்கள். அப்போது மேல் கீலை வெளியே பிடுங்கும் விசை ஒன்றேகால் கிலோ அளவுக்கு வருகிறது. கீழ்க் கீலை அதே விசை உள்ளே அழுத்துகிறது. ஆகையால்தான் எந்த வீட்டிலும் முதலில் தளர்வது மேல் கீல். இனி, 15 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளை கதவின் ஓரத்தைப் பிடித்துத் தொங்கினால்? மேல் கீலின் மீது மேலும் 14 கிலோ இழுப்பு சேர்கிறது. இப்படித் தொங்கத் தொங்க நார் அறுந்துவிடும்.

மலை வீட்டில் பிள்ளைகள் மட்டுமா தொங்குகிறார்கள்? வெளியே துணி காயாது. மூடுபனி இறங்கிவிட்டால் கைத்துண்டும் கரித்துணியும் அலமாரிக் கதவின் மேல்தான் ஏறுகின்றன. ஈரத்துணியின் பாரம் ஒரு பக்கம், அதிலிருந்து பலகைக்குள் இறங்கும் நீர் இன்னொரு பக்கம். கியா பார்ம் 1,500 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. கேமரன் மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதோடு சோற்றுப் பானையின் ஆவியும் சேர்ந்தால் பலகை எப்படிப் பொறுக்கும்?

பலகை என்றால் எல்லாப் பலகையும் ஒன்றல்ல. முன்பெல்லாம் தேயிலை அடைத்து அனுப்பிய ஒட்டுப்பலகைப் பெட்டிகள் உண்டு. ஓரத்தில் தகரப்பட்டை அடித்திருக்கும், உள்ளே ஈயத்தாள் போல மினுங்கும் தாள் ஒட்டியிருக்கும். அதைச் சாய்த்து வைத்து, பழைய தோல்பட்டையைக் கீலாக அடித்து அலமாரியாக்கிய குடும்பங்கள் எத்தனையோ. அந்தத் தோல்கீல் கிறீச்சிட்டதும் இல்லை, துருப்பிடித்ததும் இல்லை. அது நிற்க. ஒட்டுப்பலகை மெல்லிய மரத்தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிச் செய்தது. திருகாணியை நன்றாகப் பிடிக்கும். இன்று கடையில் மலிவாகக் கிடைக்கும் அலமாரிகளில் பெரும்பாலானவை மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகையால் ஆனவை. மேலே வழவழப்பான தாள் ஒட்டியிருக்கும். பார்வைக்கு அழகு. ஆனால் ஓரத்தில் நீர் புகுந்தால் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்த கதைதான். ஊதிய பலகை காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது, திருகாணியைப் பிடிக்கும் வலுவும் போய்விடும். திட மரம் வேண்டுமென்றால் ரப்பர் மரத்து அலமாரிகளும் உண்டு. ஒரு காலத்தில் தோட்டங்களில் அடுப்புக்கும் புகைக்கூடத்துக்கும் விறகாகப் போன மரம் அது. மருந்து ஏற்றிப் பக்குவப்படுத்தினால் பூச்சி அரிக்காது என்று கண்ட பிறகு, மலேசியாவின் மரச்சாமான் ஏற்றுமதியே அதை நம்பி வளர்ந்தது.

இனி வேலைக்கு வருவோம். முதலில் கீல் எந்த வகை என்று பாருங்கள். இரண்டு இரும்பு இலைகள் நடுவே ஓர் ஊசியோடு இணைந்திருந்தால் அது பட்டைக் கீல். கதவை மூடினால் வெளியே ஒன்றும் தெரியாமல், திறந்தால் உட்பக்கம் வட்டக் கிண்ணம் போன்ற ஒன்று கதவுக்குள் புதைந்திருந்தால் அது கிண்ணக் கீல். அந்தக் கிண்ணம் பெரும்பாலும் 35 மில்லிமீட்டர் அகலம் இருக்கும்.

கிண்ணக் கீலாக இருந்தால் அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம். அதன் கைப்பகுதியில் இரண்டு திருகாணிகள் தெரியும். அலமாரியின் உட்புறம், பின்னால் இருப்பது கீலைத் தட்டோடு இறுக்கிப் பிடிப்பது. கதவுக்குப் பக்கத்தில் முன்னால் இருப்பது கதவை இடமும் வலமும் நகர்த்துவது. பலமுறை திறந்து மூடியதில் பின்திருகாணி நெகிழ்ந்திருக்கும், அவ்வளவுதான். கதவைச் சற்றுத் தூக்கிப் பிடித்து அதை முடுக்கினால் தொங்கல் நின்றுவிடலாம். இரண்டு கதவுகளுக்கு நடுவே இடைவெளி கோணலாக இருந்தால் முன்திருகாணியைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிப் பாருங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தத் திருகாணிகளின் தலையில் கூட்டல் குறி போன்ற பள்ளம் இருக்கும். தட்டை முனைத் திருப்புளியையோ கத்தி முனையையோ போட்டுத் திருகினால் பள்ளம் மழுங்கிவிடும். பிறகு கழற்றவும் முடியாது, முடுக்கவும் முடியாது.

முடுக்கினால் பிடிக்காமல் சுற்றுகிறது என்றால்தான் ஓட்டையைச் சரி செய்ய வேண்டும். அலமாரியில் உள்ள பாத்திரங்களையும் போத்தல்களையும் முதலில் இறக்கி வையுங்கள். சிறு பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். கதவின் அடியில் பழைய புத்தகங்களை அடுக்கி முட்டுக் கொடுங்கள், அல்லது இன்னொருவரைப் பிடித்துக் கொள்ளச் சொல்லுங்கள். கீழ்க் கீலை முதலில் கழற்றி, மேல் கீலைக் கடைசியில் கழற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் கதவின் முழுப் பாரமும் கீழ்க் கீலில் திருகி, நன்றாக இருந்த ஓட்டையையும் கெடுத்துவிடும்.

ஓட்டைக்குள் இருக்கும் தூளை ஊதிச் சுத்தம் செய்யுங்கள். ஈரமாக இருந்தால் காய விடுங்கள். ஈரத்தில் பசை ஒட்டாது. பிறகு மரப்பசையைத் தடவிய மூங்கில் குச்சிகளை ஓட்டை நிறையும்வரை செருகுங்கள். சாத்தே தின்ற குச்சியைக் கழுவிக் காயவைத்து எடுத்துக் கொள்ளலாம், அதைவிட நல்லது கிடைக்காது. மருந்து முனையை ஒடித்த தீக்குச்சியும் ஆகும், ஆனால் அது மிருதுவான மரம். குச்சிகளைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி இறக்கி, வெளியே நீட்டியிருப்பதைப் பலகை மட்டத்துக்கு வெட்டி விடுங்கள்.

இதன் பிறகு செய்ய வேண்டியது காத்திருப்பது. பெரும்பாலானோர் இங்குதான் பொறுமை இழக்கிறார்கள். வெள்ளை மரப்பசை நீர் வற்றித்தான் இறுகும். ஈப்போவில் சில மணி நேரத்தில் இறுகுவது, கியா பார்மின் குளிரிலும் ஈரக்காற்றிலும் இன்னும் நெடுநேரம் எடுக்கும். ஓர் இரவும் ஒரு பகலும் கதவைத் தனியே சாய்த்து வையுங்கள். நீர்த்தொட்டிக்கு அருகில் உள்ள அலமாரியானால் வெள்ளைப் பசை அடிக்கடி நனைந்து இளகும். அங்கே இரண்டு குழாய்களிலிருந்து பிதுக்கிக் கலந்து பூசும் பசையே ஏற்றது.

பசை இறுகிய பின், நடுவில் மெல்லிய ஆணியால் சிறு குழி இடுங்கள். பழைய அளவுத் திருகாணியையே போடுங்கள். 16 மில்லிமீட்டர் பலகைக்கு 16 மில்லிமீட்டர் நீளம் போதும். கீலின் தகட்டுக் கனம் கழிந்துவிடுவதால் முனை மறுபக்கம் வராது. நான் அன்று போட்டது 25 மில்லிமீட்டர்! துருவேறியதாக இருந்தால் மட்டும் புதியது வாங்குங்கள். முடுக்கும்போது கையால் முடுக்குங்கள். இறுகியது என்று கைக்குத் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் அரைச் சுற்றுப் போனால் புதிதாக வைத்த மரமும் அறுந்துவிடும். பின்னொரு நாள் அதே திருகாணியைக் கழற்றி மாட்ட நேர்ந்தால், முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுழற்றுங்கள். ‘டக்’ என்று ஒரு சிறு இறக்கம் கைக்குத் தெரியும். பழைய புரியில் திருகாணி உட்கார்ந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகு வலப்பக்கம் முடுக்கினால் மரம் புதிதாக அறுபடாது.

பலகை ஊதிப் பெரும்பள்ளமாகிவிட்டால் குச்சி வேலைக்கு ஆகாது. பட்டைக் கீலானால் ஐந்து சென்டிமீட்டர் மேலே அல்லது கீழே, நல்ல மரம் இருக்கும் இடத்துக்கு மாற்றிப் பூட்டலாம். கிண்ணக் கீலை அப்படி நகர்த்த இயலாது. அதற்கென்றே பள்ளத்தை மூடிப் பிடிக்கும் இரும்புத் தகடுகள் உண்டு. பிரிஞ்சாங்கிலோ தானா ராத்தாவிலோ இரும்புச் சாமான் கடையில் கழற்றிய கீலையே கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். வாயால் விளக்குவதைவிட அது எளிது. முழு அலமாரியும் சுவரிலிருந்து முன்னால் சாய்ந்திருந்தால் மட்டும் கீலைத் தொடாதீர்கள். நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் சாய்வு தெரிந்துவிடும். சுவர் ஆணி தளர்ந்த அலமாரி ஆளைக் கொல்லும் பாரம் உடையது. அதை அன்றே காலி செய்துவிட்டு, தெரிந்த தச்சரை அழைக்க வேண்டும். வீட்டுச் சுவரே ஈரத்தில் உதிர்ந்து ஆணி நிற்கவில்லை என்றால், அது உங்கள் கைவேலை அல்ல. தோட்டம் கொடுத்த குடியிருப்பைப் பழுது பார்த்து வைப்பது தோட்ட நிர்வாகத்தின் கடமை. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம் இதற்காகவே வந்தது. அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள்.

கிறீச்சிடும் கீலுக்கு நம் தாய்மார்கள் தேங்காய் எண்ணெய் விடுவார்கள். சமவெளியில் சில நாள் உதவும். ஆனால் 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும் என்பதைக் கேமரன் மலைத் தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் போத்தலை வெந்நீரில் வைத்துத்தானே தலைக்குத் தேய்க்கிறீர்கள்? கீலுக்குள்ளும் அதே கதைதான். உறைந்து, தூசியைப் பிடித்து, நாளடைவில் பிசினாகிறது. தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெய் இரண்டு துளி போதும். மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள், கதவுக்குக் கீழே அரிசிப் பானை இருக்கும்.

துணி காயப் போட அடுப்புக்கு மேலே ஒரு கம்பி கட்டிக் கொள்ளுங்கள், தீக்கு எட்டாத உயரத்தில். வெயில் தெரியும் நாளில் அலமாரிக் கதவுகளை ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் உள்ளே பூஞ்சை மணமும் குறையும். திறந்திருக்கும் அந்த ஒரு மணி நேரம் மட்டும் சின்னப் பிள்ளைகளை அடுப்படிப் பக்கம் விடாதீர்கள்.