"நான் விக்கல மச்சி, சும்மா கொண்டு வந்தேன்"

மூணாவது வருஷம். ஸ்டடி ஹாலிடேஸ் முடிஞ்சு ஊர்ல இருந்து ஹாஸ்டலுக்குக் கிளம்பற நாள். எங்க விங் பையன் ஒருத்தன் போன் பண்ணினான். "மச்சி, பஸ் ஸ்டாண்ட்ல ஒருத்தர் ஒரு கவர் குடுப்பார். பேக்ல போட்டுட்டு வந்துடு. ரெண்டாயிரம் தரேன்." கவர்ல என்ன இருக்குன்னு நான் கேக்கல. அவனும் சொல்லல. ரெண்டு பேருக்கும் தெரியும்.

முடியாதுன்னுட்டேன். நல்லவன் என்பதால் இல்லை. லக்கேஜ் நிறைய இருக்குன்னு அப்பா கூட வர்றதா இருந்தது, அவ்வளவுதான். அப்பா வரலன்னா என்ன சொல்லியிருப்பேன்? இந்தக் கேள்வி ரொம்ப நாளா மனசுல கிடந்தது. அதுக்காகத் தேடித் தேடிப் படிச்சதைத்தான் இங்கே எழுதுறேன்.

ஒருத்தன் குற்றம் செய்ய எப்படி முடிவெடுக்கிறான்? கேரி பெக்கர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1968-ல் இதை ஒரு கணக்காகவே பார்த்தார். ஒரு பக்கம் கிடைக்கும் லாபம். இன்னொரு பக்கம் மாட்டும் வாய்ப்பையும் தண்டனையையும் பெருக்கி வருவது. லாபம் அதிகமா இருந்தா செய்வான், இல்லன்னா விட்டுடுவான். நம்ம ப்ராபபிலிட்டி பேப்பர்ல வர்ற எக்ஸ்பெக்டட் வேல்யூ தான், புதுசா ஒண்ணுமில்ல.

ஆனா அந்தப் போன் கால்ல நான் எந்தக் கணக்கும் போடல. போட்டிருந்தாலும் தப்பாத்தான் போட்டிருப்பேன். மாட்டும் வாய்ப்பை நாம எப்படி எடை போடறோம்னு பாருங்க. "அவன் மூணு தடவை கொண்டு வந்தான், ஒண்ணும் ஆகல." மூணே மூணு ரீடிங் எடுத்து கிராஃப் போட்டா லேப்ல மேடம் ரெக்கார்டையே திருப்பிக் கொடுத்துடுவாங்க. இங்கே அதே மூணை நம்பி பையைத் தூக்கறோம்.

தண்டனை எத்தனை வருஷம் என்பதைவிட, மாட்டுவோமா மாட்டமாட்டோமா என்பதுதான் ஒருத்தனை அதிகம் தடுக்குது. டேனியல் நேகின் என்ற குற்றவியல் ஆய்வாளர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கார். நோட்டீஸ் போர்டுல சிறை, அபராதம்னு போஸ்டர் ஒட்டியும் பெரிசா எதுவும் மாறாததுக்கு இது ஒரு காரணம். மாட்டினாத்தானே சார் ஜெயில்?

அடுத்தது, பக்கத்துல யார் இருக்காங்க என்பது. 2005-ல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் ஒரு வீடியோ கேம் வெச்சு சோதனை செஞ்சாங்க. கார் ஓடிக்கிட்டே இருக்கும், மஞ்சள் லைட் விழும், எப்ப நிறுத்தணும்னு ஆடறவங்க முடிவு செய்யணும். சிலரைத் தனியா ஆடவிட்டாங்க, சிலரை அதே வயசுக்காரங்க பார்க்க ஆடவிட்டாங்க. ஆட்கள் பக்கத்துல இருந்தப்ப ரிஸ்க் எடுப்பது கூடியது. அந்தக் கூடுதல் 24 வயசு தாண்டினவங்களைவிடப் பதின்ம வயசுக்காரங்ககிட்டயும், 18 முதல் 22 வரை உள்ளவங்ககிட்டயும்தான் அதிகம். 18 முதல் 22. நம்ம காலேஜ் ஹாஸ்டல் முழுக்க அந்த வயசுதான்.

எனக்கு ரொம்ப உறைச்சது வேற ஒண்ணு. சைக்ஸ், மாட்ஸா என்ற ரெண்டு சமூகவியலாளர்கள் 1957-ல் சொன்ன விஷயம். தப்பு செய்யறவனுக்கும் எது தப்புன்னு தெரியும். தெரிஞ்சும் செய்யறதுக்கு மனசுக்குள்ள அஞ்சு விதமான சாக்கு வெச்சிருப்பான்னு அவங்க பட்டியல் போட்டாங்க. படிக்கும்போதே எங்க மெஸ் டேபிள்ல கேட்ட குரல்கள் ஞாபகம் வந்துச்சு. "அவன் கேட்டான், நான் என்ன பண்ண." "யாருக்கு என்ன நஷ்டம்?" "அவங்கதான் விரும்பி வாங்கறாங்க." "பெரிய பெரிய ஆளுங்களையே யாரும் பிடிக்கல, எங்களைப் பிடிக்க வந்துட்டாங்க." அஞ்சாவது ரொம்ப ஆபத்தானது, ஏன்னா அது நல்ல குணம் மாதிரியே இருக்கும்: "ஃப்ரெண்டுக்காக செஞ்சேன்டா."

காசு இல்லாததால்தான் செய்யறாங்கன்னு நினைச்சுட்டிருந்தேன். மொஹமத், ஃப்ரிட்ஸ்வோல்ட் என்ற ரெண்டு பேர் தெற்கு கலிஃபோர்னியாவில் போதைப்பொருள் விற்ற கல்லூரி மாணவர்களோட வருஷக்கணக்கில் பழகி எழுதின புத்தகம் 'டார்ம் ரூம் டீலர்ஸ்'. அந்தப் பசங்க பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைங்க. தனக்கு வேண்டியது ஓசியில் வரணும், கைச்செலவுக்குக் காசு வேணும், நாலு பேர் தன்னைத் தேடி வரணும், கொஞ்சம் த்ரில் வேணும். இதுதான் காரணங்கள். நாலு பேருக்கு வாங்கும்போது கூட ரெண்டு பேருக்குச் சேர்த்து வாங்கறான், அப்புறம் அவங்களும் காசு கொடுக்கறாங்க. எந்த நாளில் வியாபாரி ஆனான்னு அவனுக்கே தெரியாது.

அது அமெரிக்கா. அங்கே அந்தப் பசங்கள்ல பலர் கைதாகாமலே டிகிரி வாங்கிட்டுப் போனாங்க. இங்கே நம்ம பேக்குக்குப் பொருந்துவது 1985-ன் என்.டி.பி.எஸ். சட்டம். அதில் கஞ்சாவை வைத்திருப்பது, வாங்குவது, விற்பது, கொண்டு செல்வது எல்லாம் ஒரே வரியில் வருது. "சும்மா கொண்டு வந்தேன்" என்பதற்குத் தனி இடம் இல்லை. அளவு மட்டும்தான் தண்டனையைப் பிரிக்குது. கஞ்சாவில் 1 கிலோ வரை சிறிய அளவு, ஒரு வருஷம் வரை சிறை. அதுக்கு மேல போனா 10 வருஷம் வரை. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு, குறைஞ்சதே 10 வருஷம். எல்.எஸ்.டி.க்கு அந்த வணிக அளவு வெறும் 0.1 கிராம். இதைப் படிச்சதும் யூனிட் தப்போன்னு ரெண்டு தடவை பார்த்தேன்.

"கவர்ல என்ன இருந்ததுன்னு தெரியாது சார்"ன்னு சொல்லலாம்தான். ஆனா 35-வது பிரிவுப்படி, தெரிஞ்சேதான் செஞ்சான்னு கோர்ட் முதல்ல எடுத்துக்கும். தெரியாதுன்னு நிரூபிக்க வேண்டியது நம்ம பொறுப்பு. அன்னைக்கு நான் "என்ன இருக்கு"ன்னு கேக்காம விட்டதை ஒரு பாதுகாப்பா நினைச்சிருந்தேன்.

அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவும் இருக்கு. போதைக்கு அடிமையானவர் பயன்படுத்தியதற்கோ, சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கில் சிக்கினாலும், தானாக முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிகிச்சையை முழுசா முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு பெறலாம். இதை எந்த போஸ்டர்லயும் நான் பார்த்ததில்லை.

அந்தக் கவரைக் கடைசியில் வேறொரு பையன் எடுத்துட்டு வந்தான். அந்த ரெண்டாயிரத்துல அரியர் ஃபீஸ் கட்டினான். அவனுக்கு ஒண்ணும் ஆகல. போன மாசம் அவனே என் ரூமுக்கு வந்து, "இந்தத் தடவை நீ ஊருக்குப் போறியா?"ன்னு கேட்டான். முன்னாடி கேட்டவன் அளவுக்குக்கூடத் தயங்கல. இந்த முறை அப்பா கூட வரல. "போறேன், ஆனா எடுத்துட்டு வரமாட்டேன்"னேன். பக்கத்துல ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தாங்க. சொல்லி முடிக்கிறதுக்குள்ள கை வேர்த்துடுச்சு.