குடும்பக் காரும் கடைச் சரக்கும்

நம் வணிகர்களில் பலர் இருசக்கர வாகனத்திலிருந்து சிறிய காருக்கும், அதிலிருந்து செடான் எனப்படும் டிக்கி வைத்த நீண்ட காருக்கும் மாறி வருகிறார்கள். உழைத்துச் சேர்த்த பணத்தில் குடும்பத்துக்கு நல்ல வண்டி வாங்குவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் வாங்கிய மறுமாதமே அந்த டிக்கியில் எண்ணெய் டின்னும் பருப்பு மூட்டையும் ஏறிவிடுகின்றன. இவ்வகைக் கார்களை ஓட்டிப் பார்த்ததில் நாம் அறிந்தவற்றை, இந்த வழக்கத்தை மனத்தில் வைத்தே இங்கு எழுதுகிறோம்.

ஒரு காலத்தில் குடும்பக் கார் என்றால் அம்பாசடர் அல்லது பிரீமியர் பத்மினி என்றுதான் இருந்தது. மேலே கேரியர் கட்டிச் சரக்கு ஏற்றிய அம்பாசடர்களை மூத்த வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வண்டியின் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. ஆனால் அதில் பழகிய கை இன்னும் அப்படியே இருக்கிறது. 1998-ல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த ஹோண்டா சிட்டியும், அதற்குப் பின் வந்த அதே வகைக் கார்களும் வேறு நோக்கத்தோடு செய்யப்பட்டவை.

ஓட்டும்போது தெரிபவை

இருக்கை தாழ்வாக இருப்பதால், இதில் ஏறி அமர்வது முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குச் சற்றுச் சிரமம். அமர்ந்த பின் குறையொன்றும் தெரிவதில்லை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே சுமார் 2.6 மீட்டர் இருப்பதால், நெடுஞ்சாலையில் வண்டி தூக்கிப் போடாமல் சீராகச் செல்கிறது. உயரமான வண்டிகளைப் போல வளைவில் அதிகம் சாய்வதில்லை. சென்னையிலிருந்து திருச்சி போன்ற நீண்ட பயணத்தில் பின்னால் அமர்ந்தவர்கள் உறங்கிக்கொண்டே வரலாம்.

கடைவீதியில் கதை வேறு. நாலரை மீட்டர் நீள வண்டியின் முன்முனையும் பின்முனையும் ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியாது. மண்டித் தெருவில் லாரிகளுக்கு நடுவே திருப்புவதற்குப் பொறுமை வேண்டும்.

ஓட்டுபவர் மட்டும் இருக்கும்போது இந்த வண்டி துள்ளி ஓடும். ஐந்து பேர் அமர்ந்து ஏ.சி.யும் ஓடினால் அதே வண்டி கனத்துவிடும். லாரியை முந்த ஒரு கியர் குறைத்து, எதிரில் போதிய இடைவெளி பார்த்தே செல்ல வேண்டும். பாரம் ஏறியதும் பின்பக்கம் தாழ்வதால் வேகத்தடையில் அடி தட்டும் வாய்ப்பும் கூடுகிறது. எனவே ஷோரூமில் விற்பனையாளருடன் தனியாக ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வீட்டில் உள்ளவர்களை ஏற்றி, உங்கள் ஊர் வேகத்தடையிலும் ஒரு மேம்பாலத்திலும் ஓட்டிப் பாருங்கள்.

டிக்கியின் கணக்கு

2020-ல் வந்த ஐந்தாம் தலைமுறை சிட்டியின் டிக்கி 506 லிட்டர் கொள்ளளவு உடையது. 15 கிலோ எண்ணெய் டின் ஒன்று சுமார் 17 லிட்டர் இடம் பிடிக்கும். இடத்தை மட்டும் பார்த்தால் 25 டின் அடங்கும் என்று தோன்றும். ஆனால் அதன் எடை 375 கிலோ. ஆளுக்கு 70 கிலோ என்று வைத்தால் ஐந்து பேரின் எடையே 350 கிலோதான். அந்தப் பாரம் முழுவதும் பின் அச்சின் மேலும் அதற்குப் பின்னாலும் இறங்கும்போது முன்பக்கம் தூக்கும். ஸ்டியரிங் பிடிமானம் குறையும். விளக்கு வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். இடம் இருக்கிறது என்பதற்காக எடை தாங்கும் என்று எண்ணக்கூடாது.

பிரேக்கையும் கவனியுங்கள். 60 கி.மீ. வேகத்தில் ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகும் ஒரு விநாடிக்குள் வண்டி 17 மீட்டர் ஓடிவிடும். அதன்பின் உலர்ந்த சாலையில் நிற்க ஏறக்குறைய 20 மீட்டர் தேவை. 80 கி.மீ. வேகத்தில் இவை 22 மீட்டரும் 35 மீட்டருமாகும். வேகத்தில் 20 கி.மீ. கூடினால், நிற்கும் தூரத்தில் 20 மீட்டர் கூடுகிறது. அளவுக்கு மீறிய பாரமும் காற்றுக் குறைந்த டயரும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். டயர் காற்றின் அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும். முழுப் பாரத்துக்குத் தனி அளவு தரப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

காப்பீடும் வரியும்

தனியார் காருக்கான காப்பீட்டுப் பத்திரத்தில் பயன்பாட்டு வரம்பு என்றொரு பகுதி உண்டு. சொந்தப் பயணப் பைகளும் வணிக மாதிரிகளும் தவிர, சரக்கு ஏற்றிச் செல்லும் பயன்பாடு அதில் விலக்கப்பட்டுள்ளது. மூட்டைகளோடு விபத்து நேர்ந்தால் இழப்பீட்டை மறுக்க நிறுவனத்துக்கு இடம் கிடைத்துவிடும். சில நூறு ரூபாய் வண்டி வாடகையை மிச்சப்படுத்தப் போய் பல லட்சம் ரூபாய் காரை இழக்கலாமா? இன்றே பத்திரத்தை எடுத்து அந்தப் பகுதியைப் படித்துப் பாருங்கள்.

ஜி.எஸ்.டி.யிலும் வேறுபாடு உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்கு மேல் நீளமுள்ள பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40 சதவீத வரி. கடைப் பெயரில் வாங்கினாலும் பொதுவாக மளிகை வணிகருக்கு அந்த வரியில் உள்ளீட்டு வரவு கிடைக்காது. சரக்கு வாகனத்துக்கோ வரி 18 சதவீதம்தான். வரி செலுத்தத்தக்க வணிகத்துக்கு அதைப் பயன்படுத்துபவர் உள்ளீட்டு வரவும் பெறலாம். இணக்க வரித் திட்டத்தில் உள்ளவர்களுக்கு இந்த வரவு கிடையாது. காரின் தேய்மானத்தை வருமான வரிக் கணக்கில் காட்டும்போது சொந்த உபயோகப் பங்கைக் கழிக்க வேண்டும் என்பதால், வாங்கும் முன்பே ஆடிட்டரைக் கலந்துகொள்வது நலம்.

செடான் நல்ல குடும்ப வண்டி என்பதில் நமக்கு ஐயமில்லை. மண்டிச் சரக்குக்குச் சிறிய சரக்கு வண்டி ஒன்றை வாடகைக்கு அமர்த்துங்கள். தினமும் கொள்முதல் உள்ளவர்கள் அக்கம்பக்கக் கடைக்காரர் நான்கு பேர் சேர்ந்து ஒரே வண்டியைப் பேசிக்கொண்டால் செலவும் நான்காகப் பிரியும்.